உத்திரமேரூர் ஏரி வாரியமும் வண்டல் சிக்கலும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குரிய சான்றாகவே ஆய்வுலகம் பெரிதும் நோக்கியுள்ளது. முதலாம் பராந்தகனின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தோருள் அறுவரை ஏரி வாரியத்துக்கு ஒதுக்குகிறது. அவ்வறுவரின் பணி எத்தகைய பொறியியற் சிக்கலை எதிர்கொண்டது என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை.

இவ்வூரின் வயிரமேக தடாகம் பல்லவர் காலத்தது. இத்தகைய ஏரிக்கு உடைப்பு திடீர்ப் பகை; வண்டலோ நாட்பகை. வரத்துநீர் ஏரியுள் விரைவு தணியுமிடத்தில் மணல் படியும். நுண்சேறு தூம்பின் வாய்வரை சென்று அடைக்கும். கொள்ளளவு குறைந்தால் கரையையும் கலிங்கையும் உயர்த்தலாமே எனலாம். ஆயின் கரையைத் தள்ளும் நீர்விசை ஆழத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும்; மேற்புற விளைநிலங்களும் மூழ்கும். எனவே அகழ்தலே எஞ்சும் வழி.

அதற்கு ஆண்டுதோறும் பொருள் வேண்டும். பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையால் ஏரி அகழ்ந்து மண்ணைக் கரையிலிடும் அறக்கட்டளைகளைத் தொண்டைமண்டலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றோர். இவ்விதியை அறநெறியாக மட்டும் கொள்வது போதாது என்பது என் கருத்து. கோடையில் அகழ்ந்த ஆழத்தை ஐப்பசி மழை மறைத்துவிடும்; பிறகு கணக்கன்றி வேறு சான்றில்லை.