வெடித்த மண்ணை வரையாதீர்கள்

பள்ளி, கல்லூரி ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன் நான். ‘பருவநிலை மாற்றம்’ என்று தலைப்புக் கொடுத்தால் வந்து குவிவது பெரும்பாலும் மூன்றே படங்கள்: பாதி பச்சையும் பாதி பட்டுப்போனதுமான மரம், வியர்க்கும் பூமிப்பந்து, பாளம் பாளமாக வெடித்த ஏரித்தரை. முதல் இரண்டை மன்னித்துவிடலாம். மூன்றாவதுதான் உறுத்தும். நம்மூர் ஏரிகள் பலவும் சித்திரை, வைகாசியில் வற்றுவது காலங்காலமாக உள்ள வழக்கம். வற்றிய தரையில்தான் வண்டல் அள்ளி வயலுக்கு அடித்தார்கள், மாடு மேய்த்தார்கள். வெடிப்பை மட்டும் வரைந்தால் அது வெறும் கோடைக்காலப் படம். மாற்றம் என்றால் அந்த வெடிப்பு எந்த மாதம் வந்தது, எவ்வளவு காலம் கிடந்தது என்பது தெரிய வேண்டும். அசையாத படத்துக்குள் காலத்தை எப்படிக் கொண்டுவருவது? இதில்தான் எனக்கு வேலை அதிகம்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது முதல் வழி. நான் போவது சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. ஒவ்வொரு முறையும் கரையில் அதே இடத்தில் உட்கார்ந்து, அடிவானக் கோடு, மதகு, எதிர்க்கரை மரவரிசை மூன்றையும் பழைய படத்தின் டிரேசிங்கை வைத்துப் பென்சிலில் குறித்துக்கொள்வேன். இந்த மூன்றையும் நகர்த்தவே கூடாது. தண்ணீர் இறங்கியிருக்கும்போது படம் காலியாகத் தெரிகிறதே என்று அடிவானத்தைக் கீழே இழுக்கக் கை துறுதுறுக்கும். இழுத்தால் போன மாதத்துப் படத்தோடு ஒப்பிடவே முடியாது. அந்தக் காலி இடம்தான் சேதி.

இப்படிப் போவதில் இன்னொரு வரவும் உண்டு. அட்டையும் ஸ்டூலுமாக உட்கார்ந்தால் யாராவது வந்து நிற்பார்கள். “என்ன சார், சர்வேயா? ரோடு போடப் போறாங்களா?” என்றார் மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர். “இல்லண்ணே, சும்மா படம் வரையறேன்.” எட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி இவ்ளோ கிட்ட நிக்கறப்போ அந்தப் புல்லு இருக்காது சார், முழுகிடும்” என்றார். நிமிர்ந்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. புல்லை அழித்துவிட்டு, எந்தெந்த வருஷம் தண்ணீர் எதுவரை நின்றது என்று அவரையே கேட்டுக் குறித்துக்கொண்டேன். வண்ணப்பெட்டியோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள்.

இரண்டாவது வழி அமெரிக்க ஓவியர் ஜில் பெல்டோவிடம் கற்றது. பனியாறுகளை ஆராயும் தந்தையோடு மலையேறி அளவெடுத்தவர். கடல்மட்டம், பனியாறுகளின் இழப்பு, வெப்பநிலை ஆகியவற்றின் வரைபடக் கோடுகளையே மலைமுகடாகவும் அலையாகவும் மாற்றி நீர்வண்ணத்தில் தீட்டுகிறார். அவருடைய ‘லேண்ட்ஸ்கேப் ஆஃப் சேஞ்ச்’ 2020-இல் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தது.

இதை நம் ஏரிக்குப் பொருத்துவது எளிது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நிலவரத்தை அன்றாடம் வெளியிடுகிறது. 22 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள அரைத்தாளில் வருஷத்துக்கு 2 அங்குலம் கொடுத்தால் 2013 முதல் 2023 வரை 11 வருஷம் அடங்கும். அடிக்கு அரை அங்குலம் என்றால் ஏரிக்கு 12 அங்குலம், மீதி 3 வானத்துக்கு. நீர்மட்டக் கோட்டை அப்படியே கரைவிளிம்பாக வரையுங்கள். 2015 டிசம்பரில் அது உச்சியை நெருங்கும். 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அந்த வருஷத்தில், தாளின் அடியில் கிடக்கும். எண்களை அழகுக்காக வளைக்காதீர்கள். வண்ணத்தில் எவ்வளவு விளையாடினாலும் தகும்.

ஆனால் அந்தக் கோடு ஏறி இறங்குவதெல்லாம் பருவநிலையால் என்று சொல்லிவிடக் கூடாது. ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்த 2015 சென்னை வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை. அதனால் என் படத்தில் அந்த வருஷத்துக்குக் கீழே அடையாற்றங்கரைக் கட்டடங்களும் நிற்கும்.

வண்ணத்துக்கு அந்த மண்ணையே கேளுங்கள். ஒரு கைப்பிடி வண்டலைத் தண்ணீரில் கலக்கி, கரடு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் இறுத்து, தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடித்துக் காயவைக்க வேண்டும். வேலம்பிசின் கரைசலும் கொஞ்சம் தேனும் பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயும் விட்டு அரைத்தால் நீர்வண்ணம் தயார். தேன் கூடினால் சென்னை ஈரக்காற்றில் வில்லை காயாமல் பிசுபிசுக்கும். மண்ணில் இரும்பு இருந்தால் கடாயில் வறுக்கும்போது செம்மை ஏறும்.

கரிக்கோலுக்குச் சீமைக்கருவேலம். காய்ந்த குச்சிகளைத் தோலுரித்து, டப்பாவில் நெருக்கி அடைத்து மூடி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தீயில் வையுங்கள். ஓட்டையில் புகை நின்றால் பதம். நன்றாக ஆறுமுன் திறந்தால் காற்றுப் பட்டுக் கனன்று சாம்பலாகிவிடும். கடைக் கரியைவிடக் கடினமான, கீறும் கோடு இது. வறண்ட வருஷங்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

தாளின் பின்புறம் தேதி, நேரம், நீர்மட்டம், வானத்தின் தன்மை எல்லாம் எழுதுங்கள். இன்றைய படம் நாளைக்குச் சாட்சியாகலாம். ஓவியர் புரூகல் 1565-இல் பனியில் வேட்டைக்காரர்களை வரைந்தது முந்தைய குளிர்காலத்தின் கடுமைக்குச் சாட்சி சொல்வதற்காக அல்ல. ஆனாலும் இன்று அதை அப்படியும் பார்க்கிறார்கள். டர்னர், மோனே படங்களில் விளிம்புகள் மங்கியதற்கும் அக்காலக் காற்று மாசுக்கும் தொடர்புண்டு என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. கண்டதைக் கண்டபடி தீட்டியதன் பயன் இது.

கண்காட்சிக்கு வைக்கும்போது ‘அழுகிறாள் பூமித்தாய்’ வகைத் தலைப்புகள் வேண்டாம். ஏரியின் பெயர், மாதம், அடிக்கணக்கு போதும். பார்க்க வருகிறவர்கள் தங்கள் வருஷத்தைத் தேடுவார்கள். வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர்ப் பக்கத்துக்காரர்கள் என்றால் நேராக 2015-இல் விரலை வைப்பார்கள். மண்வண்ணமும் கரியும் விரல் பட்டால் கலைந்துவிடும் என்பதால், செலவானாலும் கண்ணாடி போட்டே சட்டமிடுங்கள்.