சடுகுடுவும் கபடியும்

ஊர்விட்டு ஊர் பரவும் விளையாட்டு, சென்ற மண்ணின் மரபோடு கலந்தே வேரூன்றுகிறது. நம் சடுகுடுவும் வங்கத்தின் ஹாடுடுவும் இருபதாம் நூற்றாண்டில் பொது விதிகள் பெற்றுக் கபடியாயின. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாயிற்று. மூச்சடக்கி ஆடும் 'ஸூ' என்னும் ஆட்டத்தை முன்பே அறிந்த ஈரானியர் கபடியைத் தமதாக்கி, 2018இல் ஜகார்த்தாவில் ஆடவர், மகளிர் தங்கங்கள் இரண்டையும் வென்றனர்.

ஆயினும், இப்பரவலில் நாம் இழந்ததும் உண்டு. ஒரே மூச்சில் பாட்டுப் பாடியே எதிரணிக்குள் புகுவது சடுகுடு மரபு. பாட்டுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. போட்டிக் களத்தில் இன்று 'கபடி' என்னும் ஒரு சொல்லே ஒலிக்கிறது. கம்மாபுரம் வட்டார முதியோர் நினைவில் எஞ்சியிருக்கும் பாட்டுகளை மாணவர்கள் கேட்டெழுதிக் காத்தல் வேண்டும். விதி உலகப் பொதுவாகுக. பாட்டு நம் மண்ணில் நிலைபெறுக.