அறிவிக்கப்படாத போனசும் கலப்புத் தற்காப்புக் கலை வீரர்களின் ஊதியமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு முதலிய பல மரபுகளின் உத்திகளை ஒரே களத்தில் அனுமதிக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்கு இன்றைய உலகப் புகழைத் தேடித்தந்தது யு.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனம். 1993 நவம்பரில் டென்வர் நகரில் அது நடத்திய முதல் நிகழ்ச்சியில் பரிசுப்பணம் பற்றிய ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. எட்டுப் பேர் மோதிய தொடரை வென்ற ராய்ஸ் கிரேசிக்கு 50,000 டாலர் என்பது அனைவரும் அறிந்த தொகை. 2001-ல் ஃபெர்டிட்டா சகோதரர்களின் ஸுஃபா நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு வாங்கிய அதே யு.எஃப்.சி., 2016-ல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கைமாறியது. அந்த இடைக்காலத்தில் களத்தில் இறங்கி அடிபட்டவர்களுக்கு மொத்தத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே தெரியாத செய்தியாகிவிட்டதால், அந்த இடத்தை ஊகங்களும் நம்பிக்கைகளும் நிரப்பின.

அவற்றுள் மிகப் பரவலானது, போட்டி முடிந்தபின் ஊடகங்களில் வெளியாகும் ஊதியப் பட்டியலே வீரர் பெற்ற முழுத்தொகை என்பது. இப்பட்டியலை வெளியிட்டவை நெவாடா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் விளையாட்டு ஆணையங்கள். அதாவது, சண்டைப் போட்டிகளுக்கு உரிமம் வழங்கி, நடுவர்களை அமர்த்தி, வீரருக்கு ஒப்பந்தப்படி பணம் தரப்படுகிறதா என்று கண்காணிக்கும் அரசு அமைப்புகள். ஆணையத்திடம் தாக்கலாகும் ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகளே பெரும்பாலும் இடம்பெறும்: களத்தில் இறங்கியதற்கான ஊதியம் ஒன்று, வென்றால் மட்டும் கிடைக்கும் அதற்குச் சமமான வெற்றி ஊதியம் மற்றொன்று. கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஒளிபரப்பில் முன்னணி வீரருக்கு இருந்த பங்கோ, போட்டிக்குப்பின் நிறுவனம் தன் விருப்பப்படி கொடுக்கும் தொகையோ அந்தப் பட்டியலில் ஏறியதில்லை. ஆகவே பட்டியல் பொய்யன்று, முழுமையானதுமன்று. நெவாடா ஆணையம் பின்னர் அதை வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டது.

போனஸ் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட கொடைகள் குறிக்கப்படுவதும் குழப்பத்தை வளர்த்திருக்கிறது. இரவின் சிறந்த மோதலுக்கும் சிறந்த ஆட்டத்துக்கும் வெளிப்படையாக அறிவித்து வழங்கப்படும் பரிசு முதல் வகை. நீண்ட காலம் அது ஒவ்வொருவருக்கும் 50,000 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் நடந்த யு.எஃப்.சி. 300 நிகழ்ச்சியில் மட்டும் 3,00,000 டாலராக உயர்த்தப்பட, இரண்டு பரிசுகளையும் வென்ற மேக்ஸ் ஹாலோவே ஒரே இரவில் 6,00,000 டாலர் பெற்றார். இந்த வகைக்கு விதிகள் உண்டு; எடைவரம்பைத் தாண்டியவர் இதற்குத் தகுதி இழப்பார். இரண்டாம் வகைக்கு அறிவிப்பும் இல்லை, விதியும் இல்லை. தோற்றவருக்கும் கிடைக்கலாம், வென்றவருக்குக் கிடைக்காமலும் போகலாம். உடைமாற்றும் அறையில் கைக்குக் கை மாறும் காசோலை என்று வீரர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதை முடிவுசெய்வது நிர்வாகம் மட்டுமே.

பட்டியலுக்கும் போனசுக்கும் இடையிலான உறவை விளங்கிக்கொள்ள 2013 ஜூலை 6 அன்று லாஸ் வேகாஸில் நடந்த யு.எஃப்.சி. 162 போதும். பல ஆண்டுகளாகத் தோல்வியறியாத சாம்பியனாக இருந்த ஆண்டர்சன் சில்வாவை அன்று வீழ்த்திய கிறிஸ் வைட்மனுக்கு ஆணையப் பட்டியலின்படி கிடைத்தது 24,000 டாலரும் வெற்றிக்காக இன்னொரு 24,000 டாலரும். தோற்ற சில்வாவுக்கு 6,00,000 டாலர். வைட்மன் அந்த இரவின் சிறந்த வீழ்த்தலுக்காகப் பெற்ற போனஸ் 50,000 டாலர், அதாவது ஒப்பந்த ஊதியம் முழுவதையும்விட அதிகம். வீரர் வளர்ந்துவிட்டபோதும் அவருடைய ஒப்பந்தம் பழைய விலையிலேயே நிற்பதையும், இடைவெளியை நிர்வாகம் தன் கையிலுள்ள போனசால் அடைக்க முடிவதையும் இக்கணக்கு காட்டுகிறது. அடைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அதற்கு இல்லை.

எல்லா மறைவும் ஒரே தன்மையது அல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எடி ஆல்வரெஸ் என்ற வீரரின் உரிமை பற்றி 2013-ல் போட்டி நிறுவனமான பெல்லட்டார் வழக்குத் தொடுத்தபோது, யு.எஃப்.சி. அவருக்கு முன்வைத்த ஒப்பந்தம் நீதிமன்ற ஆவணமாகி வெளிச்சத்துக்கு வந்தது. கையொப்பமிடுவதற்கு 2,50,000 டாலர், முதல் போட்டிக்கு 70,000 டாலர், வென்றால் மேலும் 70,000 டாலர். இவற்றுக்கு மேல் ஒளிபரப்புப் பங்கும் உண்டு. 2,00,000 முதல் 4,00,000 வரையிலான ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு டாலர், அதற்குமேல் 6,00,000 வரை இரண்டு டாலர், அதையும் தாண்டினால் இரண்டரை டாலர் என்பது அதன் படிநிலை. பங்குபெறும் தகுதியுள்ள ஒரு நிகழ்ச்சி 5,00,000 விற்பனையை எட்டினால் இவ்வகையில் 4,00,000 டாலர் சேரும். முதல் 2,00,000 விற்பனைக்கு ஒன்றும் இல்லை. இத்தொகையும் பொதுமக்களுக்கு மறைவானதே. ஆனால் இது எழுத்தில் உள்ளது, கணக்கிடத்தக்கது, மறுக்கப்பட்டால் வழக்காடத்தக்கது. விருப்பப்படி தரும் போனசுக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

அடுத்த நம்பிக்கை இன்னும் நுட்பமானது. வெளியே தெரியாத போனசுகளையும் சேர்த்துப் பார்த்தால் வீரர்களின் பங்கு மற்ற பெரிய விளையாட்டுகளுக்கு நிகராகிவிடும் என்ற எண்ணத்தை நிறுவனமே ஊட்டியது. 2012-ல் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில் சகோதரர்களுள் ஒருவரான லோரென்ஸோ ஃபெர்டிட்டா, வருவாயில் தாம் வீரர்களுக்குத் தரும் விகிதம் மற்ற லீகுகளிலிருந்து வெகுதூரத்தில் இல்லை என்ற பொருள்படவே பேசினார். அமெரிக்கக் கூடைப்பந்து, கால்பந்து லீகுகளில் வீரர்களின் பங்கு ஏறத்தாழ பாதி. 2014 டிசம்பரில் குங் லீ, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் ஆகியோர் ஸுஃபாவின்மீது தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு நிறுவனத்தின் உள்கணக்குகளைத் திறந்தபோது, எல்லா வகை ஊதியத்தையும் கூட்டியபின்னும் நிகழ்ச்சி வருவாயில் வீரர்களுக்குச் சென்றது ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று வாதிகள் தரப்புப் பொருளியலாளர் ஹால் சிங்கர் கணக்கிட்டுக் காட்டினார். மறைவில் இருந்த பணம் உண்மையானதுதான். ஆனால் அது மறைத்துக்கொண்டிருந்த இடைவெளி அதைவிடப் பெரியது.

நிறுவனத்தின் எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும், ஏனெனில் அதில் முற்றிலும் சாரமில்லை என்று சொல்ல முடியாது. பங்கு விகிதத்தை ஏன் அளக்க வேண்டும், வீரர் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் டாலர் ஆண்டுக்காண்டு உயர்ந்திருக்கிறதே என்று அதன் தரப்பு கேட்டது. தொகை உயர்ந்தது உண்மை. ஆனால் விளையாட்டின் மொத்த வருவாய் பன்மடங்கு பெருகும் காலத்தில், போட்டியுள்ள சந்தையாக இருந்தால் உழைப்பவரின் பங்கும் அதனோடு சேர்ந்து ஏறியிருக்க வேண்டும் என்பதே வாதிகளின் விடை. 2023 ஆகஸ்டில் நீதிபதி ரிச்சர்ட் பூல்வேர், 2010 டிசம்பர் 16 முதல் 2017 ஜூன் 30 வரை போட்டியிட்ட சுமார் 1,200 வீரர்களைக் குழு வாதிகளாக ஏற்றபோது, பங்கு விகிதத்தை அளவுகோலாகக் கொண்ட இந்த ஆய்வை ஏற்கத்தக்க சான்றாகவே மதித்தார்.

ஊதியத்தை மறைப்பது வீரரின் நலனுக்காகவே, தொகை தெரிந்தால் உறவினரும் கடன் கேட்போரும் சூழ்ந்துகொள்வார்கள், வீரர்களே வெளியிட வேண்டாம் என்கிறார்கள் என்ற விளக்கமும் அடிக்கடி கேட்கப்படுகிறது. சிலர் அவ்வாறு விரும்பக்கூடும். எனினும் இம்மறைவு அண்டை அயலாரிடமிருந்து மட்டும் தொகையை மறைப்பதில்லை. அடுத்த அறையில் கைக்கட்டு போட்டுக்கொண்டிருக்கும் சக வீரரிடமிருந்தும் மறைக்கிறது. ஒரே தரத்திலுள்ள எதிராளி எவ்வளவு பெற்றார் என்று தெரியாத ஒருவரும் அவருடைய மேலாளரும் எதை அடிப்படையாக வைத்துப் பேரம் பேசுவார்கள்? வீரர்கள் சட்டப்படி ஊழியர் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள். பயிற்சி முகாம், பயிற்சியாளர், மேலாளர் ஆகியோருக்கான செலவு அவர்களுடையது. கூட்டாகப் பேரம் பேசும் சங்கமும் இல்லை. இந்நிலையில் குறுகிய கால அழைப்பை ஏற்று ஓடிவருபவருக்கும் முணுமுணுக்காமல் இருப்பவருக்கும் போனஸ் பெட்டி திறக்கும், கேள்வி கேட்பவருக்குத் திறக்காது என்ற எண்ணம் பரவினாலே போதும். நிர்வாகம் யாரையும் தண்டிக்க வேண்டிய தேவையே எழாது.

போட்டி நடத்துநரின் வருவாய் பற்றிய இருளைச் சட்டம் நீக்கிவிட்டது என்று எண்ணுவோர் குத்துச்சண்டையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், ஒரு மோதலிலிருந்து போட்டி நடத்துநர் பெறும் வருவாயை அதில் மோதும் வீரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அச்சட்டம் கலப்புத் தற்காப்புக் கலைக்குப் பொருந்தாது. தாமும் ஒருகாலத்தில் களத்தில் மோதியவரான ஓக்லஹோமாவின் அப்போதைய அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதி மார்க்வெயின் மலின் அதை விரிவாக்க 2016-ல் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. இவ்வேறுபாட்டின் விலையைப் பிரான்சிஸ் இங்கானூ மதிப்பிட்டுப் பார்த்தார் எனலாம். 2022 ஜனவரியில் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் பட்டத்தைத் தக்கவைத்தபோது கலிஃபோர்னியா ஆணையப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்தது 6,00,000 டாலர். ஓராண்டில் நிறுவனத்தை விட்டு விலகி, 2023 அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃப்யூரியுடன் குத்துச்சண்டை மேடை ஏறினார். அதற்கு அவர் பெற்றது அதைவிடப் பல மடங்கு என்பதில் இரு கருத்தில்லை.

வழக்கு முடிந்துவிட்டது, ஆகவே முறையும் மாறிவிட்டது என்பது அண்மைக்கால நம்பிக்கை. 33.5 கோடி டாலர் சமரசத்தை 2024 ஜூலையில் நீதிபதி ஏற்க மறுத்தார், 37.5 கோடி டாலராக உயர்த்தப்பட்ட சமரசம் 2025 பிப்ரவரியில் இறுதி ஒப்புதல் பெற்றது. அத்தொகை 2017 நடுப்பகுதிவரை களமிறங்கியவர்களுக்கான கடந்தகால இழப்பீடு. விருப்பப்படி போனஸ் கொடுக்கும் அதிகாரத்துக்கோ, அதை வெளியிடாதிருக்கும் உரிமைக்கோ அந்தச் சமரசம் எந்த வரம்பையும் விதிக்கவில்லை.