கத்தாமல் உருக்கமாகப் பாட கம்ப்யூட்டர் உதவும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் அதில் பாட்டு கேட்போம். அதே கம்ப்யூட்டர் பாட்டு வாத்தியாரின் பாதி வேலையைச் செய்யும் என்பது, என் தொண்டை கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அலுவலக ஆண்டு விழாவில் பாட, அடேல் பாடி 2011ல் வெளியான ‘சம்ஒன் லைக் யூ’ பாடலைத் தேர்ந்தெடுத்தேன். பியானோவும் குரலும் மட்டுமே உள்ள பாடல். டிரம்ஸ் கிடையாது, தப்பு செய்தால் ஒளிந்து கொள்ள இடமே இல்லை. உருக்கம் வேண்டுமே என்று கோரஸில் முழு பலத்தோடு கத்தினேன். நான்கே நாளில் குரல் போனது. “ஒரு வாரம் பேசாதீர்கள். ரகசியம் பேசுவது போல் பேசினாலும் தொண்டைக்குச் சிரமம்தான்” என்றார் டாக்டர்.

பேச முடியாத அந்த வாரத்தில்தான், பயிற்சியின்போது ஆடாசிட்டியில் பதிவு செய்து வைத்திருந்த என் பாட்டைத் திறந்து பார்த்தேன். இது இலவச சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். திரையில் என் குரல் அலை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில் மதில் சுவர் போல நின்றது. அடேலோ முதல் பகுதியை ஏறக்குறைய பேசுவது போலத்தான் பாடுகிறார். கோரஸ் பெரிதாகக் கேட்பது அதற்கு முன் சிறிதாகப் பாடியதால்தான்!

நீங்களும் செய்து பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய எம்.பி.3 பைலை, பைல் மெனுவில் இம்போர்ட் மூலம் திறந்து கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தமும் மைக்கில் பதிவாகும். ஷிப்ட் கீயுடன் ஆர் அழுத்தினால், பாட்டு ஓட ஓட உங்கள் குரல் தனி ட்ராக்கில் பதிவாகும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். உரத்த இடத்தில் முகத்தைச் சற்றுப் பின்னால் கொண்டு போங்கள். அலை மேலும் கீழும் முட்டி, தலை வெட்டியது போல் தட்டையாகத் தெரிந்தால் அந்தப் பதிவு வீண். அதைப் பிறகு எந்த எபெக்ட்டாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது.

பாடல் வேகமாகத் தோன்றினால் எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ மூலம் 20 சதவீதம் குறையுங்கள்; சுருதி மாறாது. அடேல் மூச்சு எடுக்கும் சத்தம் தெளிவாகவே கேட்கும். அந்த இடங்களில் கிளிக் செய்து கன்ட்ரோல் பி அழுத்தி அடையாளம் வைத்தேன். அவர் நிதானமாக மூச்சு வாங்கிய இடங்கள் பலவற்றை நான் ஒரே மூச்சில் கடந்து, கடைசிச் சொல்லைத் தொண்டையால் பிழிந்திருந்தேன்.

இதில் ஏன் ஆபத்து? இந்தப் பாடலில் குரல் ஏறத்தாழ 185 ஹெர்ட்ஸிலிருந்து 659 ஹெர்ட்ஸ் வரை போகிறது. அதாவது உச்சியில் குரல் நாண்கள் வினாடிக்கு அறுநூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. பேசும் குரலின் கனத்தோடு அங்கே ஏறினால் ஒவ்வொரு மோதலும் அடிதான். அடேலுக்கே 2011ல் குரல் நாணில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, கச்சேரிகளை ரத்து செய்து, நவம்பரில் பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்து கொள்ள வேண்டி வந்தது. 2012 பிப்ரவரியில் திரும்பி வந்து ஆறு கிராமி விருதுகள் வாங்கினார் என்பது வேறு விஷயம். நமக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு சாதாரண ஸ்ட்ரா. அதை வாயில் வைத்து, காற்று முழுவதும் அதன் வழியே போகும்படி ‘ஊ’ என்று மெட்டை மட்டும் பாட வேண்டும். உதட்டருகே காற்று தடைப்படுவதால் நாண்கள் குறைந்த மோதலில் அதிரும். பத்து நிமிடம் இப்படிப் பாடிவிட்டு அதே உணர்வில் சொற்களைச் சேருங்கள். ‘டைம்’ போன்ற சொல்லை நீட்டும்போது ‘ஆ’வைப் பிடித்துக் கொண்டு, ‘ய்’யைக் கடைசியில் தொட்டால் போதும். நாம் ‘ஐ’ என்று முதலிலேயே வாயை மூடி விடுகிறோம்; மேல் ஸ்தாயியில் அதுதான் கழுத்தை நெரிக்கிறது.

குரலின் அசைவையும் பார்க்கலாம். ட்ராக்கின் இடப்புற மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட ஸ்வரத்தின் முடிவில் வைப்ரேட்டோ இருந்தால் கோடு பாம்பு போல் நெளியும். பொதுவாக வினாடிக்கு ஐந்து முதல் ஏழு நெளிவுகள். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கமகம் ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லும். சோல் பாணிச் சங்கதியோ பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். என் கோடு நெடுக ஊஞ்சல் ஆடியிருந்தது. நேராக நிறுத்தி, முடிவில் மட்டும் அசைக்கப் பழக மூன்று வாரம் பிடித்தது.

அதோடு சேஞ்ச் பிட்ச் மூலம் பாடலையே என் குரலுக்கேற்ப மூன்று செமிடோன் இறக்கிக் கொண்டேன். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். விழாவில் கீபோர்டு வாசித்த நண்பரிடம் முன்கூட்டியே சொல்லி விட்டேன். பாடி முடித்தபோது குரல் பத்திரமாக இருந்தது.

ஒரு விஷயம்: சேவ் செய்தால் கிடைப்பது ஆடாசிட்டியில் மட்டும் திறக்கும் பைல். நண்பர்களுக்கு அனுப்ப, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று எம்.பி.3 ஆக்குங்கள். அதற்கு முன் அடேலின் ட்ராக்கில் ம்யூட் அழுத்த மறக்க வேண்டாம்.