மொய் விருந்துல வந்த பணம் வருமானமா, கடனா? ஒரு ஆராய்ச்சி சொல்லும் பாடம்



ஆடி பிறந்தா போதும், புதுக்கோட்டை மாவட்டத்துல வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்து பத்திரிகை வந்துடும். கறிச்சோறு சாப்பிட்டு, மொய் எழுதிட்டு வருவோம். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. அப்புறம் எப்படி அந்தப் பணம் திரும்பி வருது?

1980 வாக்கில் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஆக்செல்ராட் ஒரு கம்ப்யூட்டர் போட்டி நடத்தினார். திரும்பத் திரும்பச் சந்திக்கும் இருவர் ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்பதுதான் ஆட்டம். இரண்டு முறை நடந்த போட்டியிலும் ஜெயித்தது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன புரோகிராம்: முதல்ல நீ நல்லது செய், அடுத்து, எதிராளி செய்ததையே திருப்பிச் செய்.

நம்ம மொய் நோட்டும் இதேதாங்க! மறுபடி சந்திப்போம் என்ற உறுதியை ஊர் தருது. யார் எவ்வளவு செஞ்சாங்கங்கிற நினைவை நோட்டு தருது.

ஆனா இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒருத்தர் வேணும்னு இல்லாம தவறினாலும் பதிலடி தொடர்ந்துகிட்டே போகும். அதனால, எப்பவாவது மன்னிச்சு விடுறது நல்லதுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் சொன்னது. 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சப்போ, மொய் திருப்ப முடியாதவங்க எல்லாம் ஏமாத்துக்காரங்களா? இல்லையே! புயல் கொடுத்தவர் தோப்பையும் வாங்கினவர் தோப்பையும் சேர்த்துத்தான் அடிச்சது. அதனால மொத்த சேமிப்பையும் மொய்யிலேயே போடாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். உங்க விருந்துல 5 லட்சம் வந்ததுன்னு வச்சுக்குங்க. அதுல 3 லட்சம் நீங்க ஏற்கெனவே செஞ்சது. மீதி 2 லட்சம் புதுக் கடன். விருந்துச் செலவு தனி!

1. அந்த 2 லட்சத்தை 5 வருஷத்துல திருப்பணும்னா மாசம் சுமார் 3,333 ரூபாய். இன்னைக்கே ஒரு ஆர்டி போடுங்க.
2. விலைவாசி வருஷம் 6% ஏறினா, இன்னைக்கு நீங்க செய்யுற 1,000 ரூபாய்க்கு 5 வருஷம் கழிச்சு சுமார் 747 ரூபாய் மதிப்புதான். அதே 1,000 ரூபாய் 7% கூட்டு வட்டியில சுமார் 1,403 ஆகும்.
3. மொய்ப் பணத்தைத் தொழில், கிணறு, படிப்புக்குப் போடுங்க. வண்டி, நகைன்னு போனா, அடுத்த ஆடியில திருப்ப வட்டிக்கு வாங்கணும்.

மொய் வட்டியில்லாக் கடன், ஆனா கடன்தான். இன்னைக்கு உங்க மொய் நோட்டை எடுத்து, வர வேண்டியதையும் தர வேண்டியதையும் தனித்தனியா கூட்டிப் பாருங்க.