வாப்பாதான் வந்தாங்க: காயல்பட்டினம் கற்றுத்தந்த குடும்பப் பாடம்

எட்டாம் வகுப்பில் குடும்பம் பற்றிய ஒரு செயல்பாட்டைக் கொடுத்திருந்தேன். அட்டவணையில் நான்கு கட்டங்கள். அம்மா பிறந்த வீடு எது? திருமணமாகி அவர் வந்த வீடு எது? இப்போது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? யார் என்ன வேலை செய்கிறார்கள்? மறுநாள் குறிப்பேடுகளைத் திருத்தும்போது எரிச்சலாக இருந்தது. பல மாணவிகள் முதல் கட்டத்திலும் இரண்டாம் கட்டத்திலும் ஒரே தெருவை, ஒரே கதவு எண்ணை எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று எண்ணி, ‘வினாவைச் சரியாகப் படித்து எழுதவும்’ என்று சிவப்பு மையில் குறித்தேன்.

அன்று மாலை ஒரு மாணவி குறிப்பேட்டுடன் வந்து நின்றாள். “டீச்சர், நான் சரியாத்தான் எழுதியிருக்கேன். எங்க உம்மா எங்கேயும் வரல. வாப்பாதான் வந்தாங்க.”

காயல்பட்டினப் பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் மாறுதலாகி வந்து அப்போது ஒரு பருவம்கூட முடியவில்லை. அந்த ஊரில் திருமணமானால் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் நெடுநாள் வழக்கம். மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பார்கள். அந்த வீட்டில் அவள் பிறந்து, வளர்ந்து, மணந்து, பிள்ளை பெற்று வாழ்கிறாள். வினாவைத் தவறாகப் படித்தவர்கள் மாணவிகள் அல்லர். வினாவைத் தவறாக எழுதியவள் நான்.

நம் கண்ணாடி எங்கிருந்து வந்தது?

சமூக அறிவியலில் பட்டம் பெற்ற எனக்கு ஏன் அந்த வினா தவறாகத் தெரியவில்லை? யோசித்தபோது விடை என் வாழ்க்கையிலேயே இருந்தது. நான் திருமணத்துக்குப் பின் கணவரின் ஊருக்கு வந்தவள். அதற்காக ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதல் கேட்டவள். மாறுதல் கலந்தாய்வில் கணவன் மனைவி முன்னுரிமையில் வரும் பெண் ஆசிரியர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘புகுந்த வீடு’ என்ற சொல்லுக்கு ஏற்பவே நம்மில் பலருடைய பணிப்பதிவேடும் நகர்ந்திருக்கிறது. பெண் என்றால் இடம்பெயர்பவள் என்பதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் வெளியிட்ட, பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய நூலில் ஒரு கருத்தைச் சொன்னார். மற்றத் தொழில்களில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் ஒருவர் அந்தத் தொழிலை அருகிலிருந்து பார்க்கிறார். ஆசிரியரோ தாம் மாணவராக இருந்த காலத்திலேயே ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருகிறார். அப்படிப் பார்த்துப் பழகியதே பின்னர் அவருடைய கற்பித்தலில் பெரும்பங்கு வகிக்கிறது என்றார் அவர். இதைக் குடும்பத்துக்கும் நீட்டிப் பார்க்கலாம். நாம் பிறந்து வளர்ந்த வீடு, நமக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் சொன்ன குடும்பம், நாம் மணந்து சென்ற வீடு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ‘குடும்பம் என்றால் இது’ என்ற அச்சை நம்முள் பதிக்கின்றன. ஆசிரியர் என்ற நம் அடையாளத்துக்குள் ஆண், பெண் என்ற அடையாளமும் நம் ஊரின் பழக்கமும் ஒளிந்திருக்கின்றன. வேறொரு ஊரின் குழந்தை முன்னால் நிற்கும்போதுதான் அவை வெளியே தெரிகின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்த வழக்கம் காயல்பட்டினத்துக்கு மட்டும் உரியதன்று. கீழக்கரையிலும் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழ் இந்துக்களிடமும் உண்டு. மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் கள ஆய்வு செய்து, மகளுக்கு வீடு கொடுக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். 2008இல் வெளிவந்த அவருடைய நூல் அப்பகுதியைப் பற்றியது. ஒரே கடலின் இரு கரைகளில் ஒரே மாதிரியான வழக்கம் இருப்பது அவருடைய எழுத்துகளில் தெரிகிறது. முத்து, மாணிக்கம், துணி எனக் கடல் வணிகத்துக்காக ஆண்கள் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்த சமூகங்களில், மகள் தன் தாயோடும் சகோதரிகளோடும் இருப்பது பாதுகாப்பு என்று கருதப்பட்டிருக்கலாம் என்பது பலரும் கூறும் விளக்கம்.

‘அப்படியானால் அங்கே பெண்களுக்குத்தான் அதிகாரம்’ என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கேதான் ஆய்வு நமக்கு உதவுகிறது. தெற்காசியப் பெண்களின் நில உரிமை குறித்து 1994இல் விரிவான நூல் எழுதிய பொருளியலாளர் பீனா அகர்வால், சொத்து ஒருவர் பெயரில் இருப்பது வேறு, அதன்மீது முடிவெடுக்கும் உரிமை வேறு என்று பிரித்துக் காட்டினார்.

அதே சமயம் பெயரில் இருப்பது வெறும் காகிதமும் அன்று. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 500 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் திருமண வாழ்வில் உடல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தனர். நிலமும் வீடும் தம் பெயரில் இருந்தவர்களில் அது 7 விழுக்காடு. தன் வீட்டில் இருப்பவளை ‘வெளியே போ’ என்று சொல்ல முடியாது என்பது எவ்வளவு பெரிய பலம்!

பெண்வழி முறை என்றாலே பெண்ணுக்கு நன்மை என்றும் சொல்ல முடியாது. அதற்குச் சான்று இருக்கிறது. நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி முறையில் குடும்பச் சொத்து பெண்வழியில் சென்றது. ஆனால் அதை ஆண்டவர் தாய்மாமன். மனைவியும் மக்களும் பட்ட துன்பத்தை ஒரு மனைவியின் குரலிலேயே அங்கதமாகப் பாடிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நம்மைப் போல ஓர் ஆசிரியர். தன் ஊரின் குடும்ப முறையை உற்றுப் பார்த்து எழுதிய ஆசிரியர் என்ற வகையில் அவர் நமக்கு முன்னோடி.

முடுக்கு வழியே ஒரு வீட்டுக்கு

அந்த ஆண்டு என் வகுப்பில் இன்னொரு மாணவி இருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை. தந்தை வெளிநாட்டில். ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். இரண்டாம் பருவத்துக்குப் பின் அவள் அடிக்கடி விடுப்பு எடுக்கத் தொடங்கினாள். குறிப்பேட்டு நிகழ்வு என்னை உறுத்திக்கொண்டிருந்ததால், கடிதம் அனுப்பாமல் நேரில் போனேன்.

தெருவிலிருந்து முன்வாசலுக்குப் போகப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த முடுக்குக்குள் அழைத்துப் போனாள். காயல்பட்டினத்து வீடுகளுக்கு இடையில் ஓடும் குறுகிய சந்துகள் இவை. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வரப் பயன்படுகின்றன. பின்கட்டில் அவளுடைய உம்மா, உம்மாவின் உம்மா, ராத்தா மூவரும் இருந்தார்கள். தேநீர் வந்தது. பிறகு ஒரு தகரப்பெட்டி வந்தது. முதல் வகுப்பு முதல் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு மதிப்பெண் அட்டையும் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று நான் எழுதிய வீடு அது.

பேசப் பேச நிலைமை புரிந்தது. ராத்தாவுக்கான வீட்டு வேலை பாதியில் நின்றிருந்தது. மகளுக்கு வீடு கொடுப்பது பெருமைதான். ஆனால் இரண்டு மகள்கள் என்றால் இரண்டு வீடுகள். தந்தையின் பல ஆண்டு உழைப்பு செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறுகிறது. அந்தக் கணக்கில் இளையவளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கலாம் என்ற பேச்சு எழுந்திருந்தது. வீடு உம்மாவின் பெயரில்தான் இருந்தது. ஆனால் ‘வாப்பா போன் பண்ணட்டும், கேட்டுச் சொல்கிறேன்’ என்றார் அவர். அகர்வால் பிரித்துக் காட்டியது என் கண்முன் பாயில் உட்கார்ந்திருந்தது.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நடந்துபோகும் தூரத்தில் பெண்கள் படிக்கும் பள்ளி இருப்பதையும், ஊரிலேயே வாவு வஜீஹா மகளிர் கல்லூரி இருப்பதையும் அவர்கள் அறிவார்கள். அவற்றுக்கான உதவித்தொகை விவரங்களை எழுதிக் கொடுத்தேன். வாப்பா பேசும் நாளில் என்னையும் அழைக்கச் சொன்னேன். மூன்று முறை பேசினோம். மூன்றாம் முறை உம்மாவின் உம்மா தொலைபேசியை வாங்கி மருமகனிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். தன் வீட்டில் நின்று பேசும் மாமியாரின் குரல் அது. ஜூன் மாதம் அந்த மாணவி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். பதிவேட்டில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, ‘தாய், பாட்டி ஆகியோர் மிகுந்த அக்கறையுடையவர்கள், வீட்டுக்குச் சென்று சந்திக்க வேண்டும்’ என்று எழுதினேன்.

எல்லா வீடும் இப்படி இருக்கும் என்று இதிலிருந்து பொதுமைப்படுத்த முடியாது. அதே வகுப்பில் கொம்புத்துறை, சிங்கித்துறை மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளும், வேலைக்காக இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டின் கணக்கும் வேறு.

வகுப்பறைக்கு நான்கு வினாக்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோலும் அவருடைய குழுவினரும் ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக்கினார்கள். அந்த முயற்சியைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1992இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் மெக்சிகோ வழிவந்த மாணவர்களின் வீடுகளுக்குப் போனார்கள், புகார் சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள. விவசாயம், கட்டுமானம், வணிகம், கைமருத்துவம் என அந்த வீடுகளில் இருந்த அறிவைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு சிறுவன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்பதைக் கண்டு, மிட்டாயை வைத்தே ஒரு பாட அலகை உருவாக்கினார்கள். காயல்பட்டினத்தில் நாணய மாற்று, கடல் வழிகள், அரபுத்தமிழ் எழுத்து என எத்தனை அலகுகள் வீடுகளுக்குள் இருக்கின்றன!

என் பழைய அட்டவணைக்குப் பதிலாக இப்போது இந்த நான்கு வினாக்களைக் கொடுக்கிறேன்.

1. திருமணத்துக்குப் பின் யார் யாருடைய வீட்டுக்கு வந்தார்? அல்லது இருவரும் புது இடத்துக்குப் போனார்களா?

2. பொதுவாக உங்கள் ஊரில் வீடு யார் பெயரில் இருக்கும்?

3. வீட்டில் பெரிய செலவு, படிப்பு, திருமணம் ஆகியவற்றை யார் யார் கலந்து முடிவு செய்கிறார்கள்?

4. யார் எந்த நேரத்தில் எங்கெல்லாம் தனியாகப் போய்வரலாம்?

வசிப்பு, உரிமை, முடிவு, நடமாட்டம். இந்த நான்கும் ஒன்றல்ல என்பதை எட்டாம் வகுப்பு மாணவர் தாமே கண்டுபிடித்துவிடுகிறார். ‘வீடு உம்மா பேர்ல, ஆனா கடைத்தெருவுக்கு வாப்பாதான் போவாங்க’ என்று ஒருவர் சொல்ல, ‘எங்க வீடு அப்பா பேர்ல, ஆனா மீன் வித்த காசு அம்மா கையில’ என்று மற்றொருவர் சொல்லும்போது பாடம் தானாக நடக்கிறது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வழங்கிய தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தையும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் இந்த இடத்தில் கற்பித்தால் அவை மனப்பாட ஆண்டுகளாக நிற்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான திருத்தங்கள் அவை என்பதையும், மற்றச் சமயத்தவருக்குத் தனிச் சட்டங்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில எச்சரிக்கைகள். வாடகை வீட்டில் இருப்பவர், பெற்றோரை இழந்தவர், பெற்றோர் பிரிந்திருப்பவர் வகுப்பில் இருப்பார்கள். ஆகவே தம் வீட்டைப் பற்றியே எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், தமக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வீட்டைப் பற்றி எழுதலாம் என்று சொல்லுங்கள். சொத்து விவரத்தைச் சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள். எந்தச் சமூகத்தின் வழக்கம் உயர்ந்தது என்று தரம்பிரிக்கும் பேச்சு வந்தால், ‘இந்த வழக்கத்தால் யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை?’ என்ற வினாவை எல்லா வழக்கத்தின் முன்னும் ஒரே மாதிரி வையுங்கள், நம் வழக்கத்தின் முன்னும்.

இன்னொன்று. பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றால், அந்த வீட்டில் பேச வேண்டியவர் யார், அவருக்கு எந்த நேரம், எந்த வழி வசதி என்று ஒருமுறை விசாரித்த பிறகு பதிவேட்டில் எழுதுங்கள். சில வீடுகளுக்கு முன்வாசல் வழி இல்லை; முடுக்கு வழிதான்.

அந்தச் சிவப்பு மைக் குறிப்பேட்டை நான் அந்த மாணவியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் குடும்பப் பாடம் தொடங்கும் முன் அதைத் திறந்து, என் குறிப்பைப் படித்துக்கொள்கிறேன். ‘வினாவைச் சரியாகப் படித்து எழுதவும்.’