தீராநோயும் வையாவிருத்தியமும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் உத்தாயன மன்னனைக் கூறும். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் தன்மீது வாந்தியெடுத்தபோதும் அம்மன்னன் முகம் சுளியாது, தான் அளித்த ஆகாரத்தில் குற்றம் நேர்ந்ததோ என்றே வருந்தி அவர் மேனியைக் கழுவினான். இக்கதையைச் சிறுவயது முதல் கேட்டுவரும் நாம், நம் இல்லத்தில் தீராநோயாளர் ஒருவர் படுத்திருக்கையில் செய்யத்தக்கது அறியாது தடுமாறுகிறோம்.

"நோயைக் குணமாக்க இயலாது" என்று மருத்துவர் கூறினால், செய்வதற்கு இனி ஒன்றுமில்லை எனப் பொருள் கொள்கிறோம். ஹாஸ்பிஸ் எனப்படும் பராமரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல்வலியோடு மனத்துயரும் குடும்பக் கவலையும் ஆன்மிகக் கலக்கமும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார். நம் நாட்டில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தோன்றியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணியோ, தொண்டர்களும் செவிலியரும் வீடு தேடிச் செல்லும் முறையாகக் கேரளமெங்கும் பரவிற்று.

இது சல்லேகனையா எனச் சிலர் வினவுகின்றனர். அன்று. திருநாதர்குன்றில் 57 நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியர் அதனைத் தாமே தெளிந்து ஏற்றார். கடைசி நாட்களில் நோயாளிக்குப் பசி அடங்குவது உடலின் இயல்பு. அதனை விரதமெனக் கொள்ளவும் வேண்டா. வற்புறுத்தி ஊட்டிப் புரையேறச் செய்யவும் வேண்டா. உதடுகளை நனைத்து வந்தால் போதும். ஹாஸ்பிஸ் மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. வாழ்வாசை, மரணவாசை இரண்டையுமே அதிசாரமாக எண்ணும் நமக்கு இந்நிலை புதிதன்று.

பலரும் அஞ்சுவது மார்ஃபினுக்கே. எம் குடும்பத்து மூதாட்டி ஒருவர்க்கு அம்மருந்தைப் பல நாள் மறுத்தோம். அறிவு மயங்கிப் பஞ்ச நமஸ்காரம் சொல்ல இயலாது போகுமென்பது எம் எண்ணம். ஆனால் வலியினால்தான் அவர் முதல் அடியையும் முடிக்க இயலாது துடித்தார். மருத்துவர் அளவறிந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாள் உறக்கம் மிகுந்திருந்தது, பின்னர்த் தெளிந்தார். மலச்சிக்கல் நேரும் என்பதால் அதற்கும் உடன் மருந்து தருவர்.

இரவில் உண்ணா விரதமுடையோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணிக்கொரு முறை தரவேண்டும். ஆகவே விரதத்தைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறிவிடுதல் நன்று. 12 மணி நேரம் நின்று பயன்தரும் மாத்திரையும், தோலில் ஒட்டும் 72 மணி நேர வலிநீக்கிப் பட்டையும் உண்டு. அவை பொருந்துமா என்பதை அவரே முடிவு செய்வார். நோயாளியைக் கேளாது நாமே அவர் விரதத்தைத் தளர்த்துவதும், விரதத்தைக் காட்டி மருந்தை நிறுத்துவதும் தகா.

படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், வாயைத் துடைத்தல், துணி மாற்றுதல் ஆகியவற்றைச் செவிலியர் வீட்டாருக்குக் கற்பிப்பர். இவையெல்லாம் வையாவிருத்தியமே. எம் இல்லத்தில் அதனை முதலில் கற்றுக்கொண்டவன் பதினாறு வயதுப் பேரன்.